நடக்கும் சுவரை எழுதுவது எப்படி

எங்கள் ஆச்சி ஒருநாள் அடுப்படியில் நின்றபடி சொன்னாள்: "நேத்து ராத்திரி மாடன் தெருவுல குறுக்க போனாம்லா, அதான் நாயெல்லாம் அப்படிக் குலைச்சுது. ஏட்டி, அந்த உப்பு டப்பாவ இங்கன எடு." மாடனுக்கும் உப்பு டப்பாவுக்கும் அவள் குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. மாய யதார்த்தம் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் இதைத்தான் சொல்வது. இந்தத் தொனி பிடிபட்டுவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கோடை விடுமுறையில் ஒரு நூலகத்தில் கதைப் பட்டறை நடத்துகிறேன். ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வருவார்கள். அவர்களுக்காக எழுத ஆசைப்படும் பெரியவர்களும் வருவார்கள். அங்கே புதிதாக வருகிறவர்களிடம் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன். வேலை இதுதான்: 13 வயதிலிருந்து 18 வயதுவரை உள்ள வாசகருக்கு, ஏற்றத்தாழ்வைத் தொடுகிற ஒரு மாய யதார்த்தச் சிறுகதை.

கொஞ்சம் முன்கதை

'மாய யதார்த்தம்' என்ற சொல் பிறந்தது ஓவியத்தில். 1925இல் ஃபிரான்ஸ் ரோ என்ற ஜெர்மன் கலை விமர்சகர், அன்றைய புதுவகை ஓவியங்களைக் குறிக்க இந்தப் பெயரைப் பயன்படுத்தினார். நமக்கு உதவுவது அதற்குப் பின்னால் வந்தது. 1949இல் கியூபா எழுத்தாளர் அலேஹோ கார்பெந்தியர் ஹைட்டியைப் பற்றி ஒரு நாவல் வெளியிட்டார். அதில் மக்காந்தால் என்ற அடிமைக் கலகத் தலைவனை வெள்ளையர்கள் கம்பத்தில் கட்டி எரிக்கிறார்கள். வரலாற்றில் உண்மையாகவே 1758இல் எரிக்கப்பட்டவன் அவன். நாவலில், கட்டு அறுந்து அவன் வானில் பறந்ததை அடிமைகள் பார்க்கிறார்கள். சிரித்துக்கொண்டே தோட்டத்துக்குத் திரும்புகிறார்கள். எஜமானர்கள் பார்த்தது வேறு: அவன் எரிந்தான், அவ்வளவுதான். ஒரே இடம், ஒரே நெருப்பு. யார் எதைப் பார்த்தார்கள் என்பது யார் எங்கே நின்றார்கள் என்பதைப் பொறுத்தது.

கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸும் இதே இடத்தைத்தான் தொட்டார். 1928இல் கொலம்பியாவில் வேலைநிறுத்தம் செய்த வாழைத்தோட்டத் தொழிலாளர்களை ராணுவம் சுட்டது. அவருடைய 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலில் பிணங்கள் ரயிலில் போகின்றன. ஊருக்குத் திரும்பி வந்தவன் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. 'இங்கே யாரும் சாகவில்லை' என்று எல்லோரும் சாதிக்கிறார்கள். பிறகு நான்கு வருஷம், பதினொரு மாதம், இரண்டு நாள் மழை பெய்கிறது. அந்த மழையை வாசகன் மறுபேச்சில்லாமல் நம்பிவிடுவான். அவனால் நம்ப முடியாதது அரசாங்கம் சொன்ன சொல்லைத்தான்.

இந்த இரண்டு உதாரணங்களில் இருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று. அதிசயத்தை உப்பு டப்பா மாதிரி சொல்லுங்கள். அன்றாட அநியாயத்தை அதிசயம் மாதிரி நின்று பாருங்கள். கீழே வருவதெல்லாம் இதற்கான செய்முறை.

தொட்டுப் பார்க்கக்கூடிய பொருளில் தொடங்குங்கள்

'சாதிக் கொடுமை', 'வறுமை', 'பாகுபாடு' இவையெல்லாம் கட்டுரைத் தலைப்புகள். கதைக்கு ஒரு பொருள் வேண்டும். டீக்கடையில் தனியாகத் தொங்கும் குவளை. தண்ணீர்த் தொட்டி. விடுதித் தட்டு. கட்டணம் கட்டாதவர்கள் எழுந்து நில்லுங்கள் என்று வகுப்பில் சொல்லும்போது பிடித்துக்கொள்ளும் பெஞ்சின் ஓரம்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு மிக நெருக்கமான பொருள் கையில் கட்டும் கயிறு. தென்மாவட்டப் பள்ளிகளில் கயிற்றின் நிறத்தைப் பார்த்தே யார் எந்தச் சாதி என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அரசு ஒரு குழு அமைத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக் குறி இவற்றைப் பள்ளியில் தடைசெய்ய வேண்டும் என்று 2024இல் அந்தக் குழு பரிந்துரைத்தது. ஒரு முழ நூலுக்கு நீதிபதி குழு! இதைவிடப் பெரிய கதைப்பொருளை நான் எங்கே போய்த் தேடுவது?

பயிற்சி: ஒரு நாள் முழுக்க ஒரு நோட்டில் இரண்டே பத்திகள் போடுங்கள். 'யார் உட்கார்ந்தார்கள்', 'யார் நின்றார்கள்'. பேருந்து, ரேஷன் கடை, கல்யாண வீடு, மருத்துவமனை, பள்ளி அலுவலகம் என்று போன இடமெல்லாம் குறியுங்கள். கருத்து எழுத வேண்டாம். சாயங்காலம் திரும்பப் படித்தால் ஏதாவது ஒரு பொருள் உறுத்தும். அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கட்டுரைக்கு நான் எடுப்பது ஒரு சுவர். ஊருக்கும் காலனிக்கும் நடுவில் நிற்கும் சுவர்.

ஒரே ஒரு அதிசயம்

ஒன்று போதும். இரண்டாவது அதிசயம் வந்ததுமே வாசகன் இது வேறு உலகம் என்று முடிவுகட்டிவிடுவான். பட்டறையில் அதிகம் நடக்கும் தப்பு இதுதான்: சுவர் பேசும், காக்கா பாடும், செத்த தாத்தா வருவார், கடைசியில் மஞ்சள் பட்டாம்பூச்சியும் வரும். பட்டாம்பூச்சி மார்க்கேஸின் அதே நாவலில் இருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். தயவுசெய்து வேண்டாம்.

அந்த ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு சோதனை உண்டு. பட்டறையில் அதற்குச் 'செருப்புச் சோதனை' என்று பெயர். பாபநாசம் மலையில் சொரிமுத்தையனார் கோவிலில் பட்டவராயன் என்று கும்பிடப்படுகிற முத்துப்பட்டன் கதை தெரிந்திருக்கும். பிராமணனாகப் பிறந்தவன். சக்கிலியர் வீட்டுப் பெண்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணப்பதற்காகப் பூணூலை அறுத்துப்போட்டுத் தோல்வேலை கற்றவன். மாமனாரின் மாட்டைக் காவல் காக்கப் போய்ச் செத்தவன். அவனுக்கு இன்றைக்கும் செருப்புதான் காணிக்கை. காணிக்கையாகப் போட்ட செருப்பு நாளடைவில் நடந்து தேய்ந்தது போலத் தேய்ந்திருக்கும் என்பது ஜனங்களின் நம்பிக்கை.

இந்தக் கதையில் இருந்து சாதியை எடுத்துவிடுங்கள். தேய்ந்த செருப்பு வெறும் தேய்ந்த செருப்பு ஆகிவிடும். செருப்பு போட்டுத் தெருவில் நடக்கக் கூடாது என்று சிலருக்குத் தடை இருந்த நாட்டில்தான் செருப்புப் போட்டு நடக்கிற சாமிக்கு அர்த்தம் உண்டு. உங்கள் அதிசயத்தையும் இப்படிச் சோதியுங்கள். ஏற்றத்தாழ்வை எடுத்தபிறகும் அது தனியாக நின்றால் அது ஜிகினா.

என் சுவருக்கு என்ன அதிசயம்? முதலில் சுவர் அழுகிறது என்று யோசித்தேன். அழுகிற சுவர் எந்த வீட்டுச் சுவராகவும் இருக்கலாம், சோதனையில் தோற்றது. பிறகு, சுவர் ராத்திரியில் காலனிப் பக்கமாக நகர்கிறது என்று வைத்தேன். யார் பக்கம் நகர்கிறது என்ற கேள்வியிலேயே விஷயம் வந்துவிட்டது.

கணக்குப் போடுங்கள்

இங்கேதான் பெரும்பாலானவர்கள் சோம்பல்படுவார்கள். மாயம் என்றால் கணக்கு வேண்டாம் என்ற நினைப்பு. மாயத்துக்குத்தான் கணக்கு கறாராக வேண்டும்.

ராத்திரிக்கு ஒரு விரற்கடை என்று வைப்போம். பன்னிரண்டு விரற்கடை ஒரு சாண், இரண்டு சாண் ஒரு முழம். அரையாண்டுத் தேர்வில் இருந்து பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுவரை தோராயமாகத் தொண்ணூறு ராத்திரி. தொண்ணூறு விரற்கடை என்றால் ஏழரைச் சாண், அதாவது மூன்றே முக்கால் முழம். அடியில் சொன்னால் ஐந்தரைக்குக் கொஞ்சம் மேலே. கொல்லைப்புறத்தில் ஒரு பெண்பிள்ளை பாய் விரித்துப் படிக்கிற இடம் அதற்குள்தான் இருக்கும். கதைக்கு ஒரு கெடு கிடைத்துவிட்டது பாருங்கள்: தேர்வு வருவதற்குள் பாய் போடும் இடம் போய்விடும். நான் எதையும் திணிக்கவில்லை, கூட்டல் கணக்குதான் போட்டேன்.

கூடவே இரண்டு மூன்று விதிகளை எழுதிவையுங்கள். சுவர் பகலில் நகராது. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் நகராது. வழியில் மரம் இருந்தால் என்ன ஆகும்? கோழிக்கூடு? இதற்கெல்லாம் உங்களுக்கு விடை தெரிய வேண்டும். கதையில் சொல்ல வேண்டியதில்லை. சுவர் *ஏன்* நகர்கிறது என்பதை மட்டும் கடைசிவரை விளக்காதீர்கள். மந்திரவாதி, சாபம், புதைத்துவைத்த தகடு, எல்லாம் வேண்டாம். காரணம் சொன்ன அந்த நிமிஷமே அது பேய்க்கதை ஆகிவிடும்.

குரல்

மோசமான வரைவு இப்படி இருக்கும்:

"அதிர்ச்சியில் செல்வியின் கண்கள் விரிந்தன. அவளால் நம்பவே முடியவில்லை! சுவர் மாயமாக நகர்ந்திருந்தது!"

இதையே இப்படி எழுதிப் பாருங்கள்:

"காலையில் அம்மா கோழிக்கூட்டை ஒரு சாண் இந்தப் பக்கமாக இழுத்துவைத்தாள். 'பன்னெண்டு நாளைக்கு ஒருக்கா இதே வேலை' என்றாள். செல்வி துணிக்கொடியை அவிழ்த்து, முடிச்சைச் சின்னதாக்கிக் கட்டினாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது."

இரண்டாவதில் யாரும் வாயைப் பிளக்கவில்லை. இடம் குறைவதற்குத் தகுந்தபடி கொடியைக் குறுக்கிக்கொள்ளப் பழகிவிட்டார்கள். படிக்கிறவனுக்கு உறுத்துவது அந்தப் பழக்கம்தான். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் வரும் கந்தசாமிப் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். பிராட்வே முனையில் கடவுளையே சந்தித்த மனிதர், காபி குடித்த கையோடு தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தா கேட்கிறார். கையில் காசில்லாதவனுக்குக் கடவுள் வந்தாலும் கவலை சந்தாவைப் பற்றித்தான். அந்தக் கதையை ஒருமுறை வாய்விட்டுப் படித்துவிட்டு எழுத உட்காருவது நல்லது.

திருத்தும்போது நீங்கள் செய்யவேண்டிய முதல் வேலை: 'திடீரென்று', 'மாயமாக', 'ஆச்சரியத்துடன்', 'நம்ப முடியாத' ஆகிய சொற்களைத் தேடி அடியுங்கள். ஆச்சரியக்குறியையும் சேர்த்து. (மேலே கயிற்றைப் பற்றிப் பேசும்போது நானே ஒன்று போட்டிருக்கிறேன். கட்டுரைக்கு விதிவிலக்கு உண்டு.)

அலுவலகத்தை மறக்காதீர்கள்

நம் ஊரில் இந்த வகைக் கதைக்கு அள்ள அள்ளக் குறையாத இடம் அரசு அலுவலகம். செல்வியின் அப்பா திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்குப் போய் மனு கொடுக்கட்டும். மனு ஆர்டிஓ, தாசில்தார், ஆர்ஐ, விஏஓ என்று இறங்கி வரட்டும். சர்வேயர் பகலில் வருவார், சங்கிலி பிடிப்பார், புல எண் வரைபடத்தை விரிப்பார். பகலில்தான் சுவர் நகராதே. 'வரைபடத்தில் சுவர் எங்கே இருக்கிறதோ அங்கேயேதான் இருக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். வீடு சின்னதாகியிருப்பதைச் சொன்னால், "பட்டாவுல எத்தனை சென்ட் போட்டிருக்கோ அத்தனை சென்ட் இருக்கும்மா" என்பார். அவர் கெட்டவர் இல்லை. கொடுத்த மோரைக் குடித்துவிட்டுத்தான் போவார். அல்லது குடிக்காமல் போவார். எது என்று நீங்களே முடிவுசெய்யுங்கள். அந்த ஒரு டம்ளர் மோர் ஒரு பக்க வசனத்தை மிச்சப்படுத்தும்.

பதினைந்து வயசு என்பது

புதியவர்கள் சறுக்குகிற இடம் இது. இளையோர் கதை என்றதும் பெரியவரின் வாயைப் பிள்ளையின் முகத்தில் ஒட்டிவிடுகிறார்கள். 'சமூகம் ஏன் இப்படி இருக்கிறது?' என்று எந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளையும் ஜன்னலோரம் நின்று கேட்பதில்லை. அந்த வயதில் ஏற்றத்தாழ்வு முதலில் வெட்கமாகத்தான் வரும். கோபம் பின்னால் வரும்.

பட்டறையில் ஒரு பிள்ளை எழுதியதை அதன் அனுமதியோடு சொல்கிறேன். காலனி நிறுத்தத்தில் இறங்குவதை வகுப்புத் தோழி பார்த்துவிடக் கூடாது என்று தினமும் ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, வெயிலில் நடந்து வீட்டுக்குப் போகும் ஒரு பெண். கதையில் மாயம் ஒன்றும் இல்லை. அந்த நடைதான் இருந்தது. படித்து முடித்ததும் எதிரில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள். நான் வருஷக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்த இடத்தை அந்தப் பிள்ளை ஒரு பஸ் டிக்கெட்டில் காட்டிவிட்டது.

ஆகவே செல்விக்குச் சுவருக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் ஆசை கொடுங்கள். கபடி அணியில் சேர வேண்டும், அல்லது கணக்கில் தொண்ணூறு வாங்க வேண்டும், அல்லது ஒருவனிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும். சுவர் அதற்குக் குறுக்கே வரட்டும். அவளிடம் பணம் இல்லை, ஓட்டு இல்லை, முடிவுகளைப் பெரியவர்கள் எடுக்கிறார்கள். இவ்வளவு குறைந்த அதிகாரத்தோடு ஒருத்தி என்ன செய்ய முடியும் என்று யோசித்தாலே கதை நகரும்.

சுவருக்கு அந்தப் பக்கமும் ஒரு பிள்ளையை வையுங்கள். இதை நான் கட்டாயமாகச் சொல்வேன். அதே வகுப்பு, அதே பெஞ்சுகூட இருக்கலாம். அவன் வீட்டுக் கொல்லை மாதத்துக்கு ஒன்றேகால் முழம் பெரிதாகிறது. ஷட்டில் விளையாட இடம் கிடைத்திருக்கிறது. 'நம்ம கொல்லை எப்பவும் இவ்வளவுதானே' என்று அவன் அம்மா சொல்கிறாள், பொய் என்று தெரியாமலேயே. ஒருநாள் புதிதாகக் கிடைத்த மண்ணில் அவன் காலில் ஒரு கோழி இறகும் நீலத் துணிக்கொடியின் ஒரு துண்டும் தட்டுப்படுகின்றன. வில்லனாக ஆக்காதீர்கள். அவனுக்கு ஒன்றும் தெரியாதென்றும் ஆக்காதீர்கள். இந்தக் கதையைப் படிக்கப்போகிற பிள்ளைகளில் பலர் அந்தப் பக்கத்துக் கொல்லையில்தான் நிற்கிறார்கள்.

முடிவு

மாயத்தை வைத்துப் பிரச்சினையைத் தீர்க்காதீர்கள். கடைசிப் பக்கத்தில் சுவர் தானாக இடிந்து விழ, இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் கைகோத்துக்கொள்ளும் முடிவு எனக்குப் பல முறை வந்திருக்கிறது. அப்போதெல்லாம் நான் மேட்டுப்பாளையம் நடூரைச் சொல்வேன். 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியுமுன் மழையில் அங்கே தலித் குடியிருப்பை ஒட்டியிருந்த ஒரு சுவர் தானாகத்தான் விழுந்தது. அதன் அடியில் இருந்த வீடுகளில் 17 பேர் செத்துப்போனார்கள். சுவர் விழும்போது எந்தப் பக்கம் விழும் என்று யோசிக்காமல் அதைச் சந்தோஷமான முடிவாக எழுத முடியாது.

மனிதர்கள் இடித்தால்? மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் தலித் மக்களைப் பிரித்து 1989இல் எழுந்த சுவரின் ஒரு பகுதியை 2008 மே மாதம் மாவட்ட நிர்வாகம் இடித்துப் பாதை விட்டது. மறுபக்கத்து ஆதிக்கசாதிக் குடும்பங்கள் பல அதை எதிர்த்து ஊரைவிட்டே வெளியேறி மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தன. சுவரில் ஒரு வழி திறந்ததற்கு ஊரைக் காலிசெய்தார்கள். நீங்களும் நானும் என்ன கற்பனை செய்தாலும் இதைத் தாண்ட முடியுமா என்று தெரியவில்லை. உண்மைச் சம்பவங்களை இப்படித் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அப்படியே கதைக்குள் தூக்கிவைக்காதீர்கள். செத்தவர்களின் பெயரும் இடமும் உங்கள் அதிசயத்துக்கு அலங்காரம் இல்லை.

அதற்காகப் பிள்ளைகளை இருட்டில் விட்டுவிட்டும் வரக் கூடாது. சின்னதாக, அந்த வயதுக்குக் கைக்கு எட்டுகிற ஒரு செயல் போதும். பார்த்துக்கொண்டிருந்தால் சுவர் நகராது என்று ஒரு விதி வைத்தோமே, அது இப்போது பயன்படும். தேர்வுக்கு முந்தின ராத்திரி செல்வி பாயைப் போட்டு, சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து படிக்கிறாள். கண் செருகுகிறது. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு டார்ச் வெளிச்சம் மேலே எழும்புகிறது. அந்தப் பக்கமும் யாரோ முழித்துக்கொண்டிருக்கிறான். இருவரும் பேசிக்கொள்ள வேண்டாம். ஒரு ராத்திரி ஒரு விரற்கடை மிச்சம். மறுநாள் ராத்திரி என்ன ஆகும் என்பது கதைக்கு வெளியே.

யாரை வைத்துப் படித்துப் பார்ப்பது

நீங்கள் எந்தப் பக்கத்து ஆள் என்பது உங்களுக்குத் தெரியும். மற்றப் பக்கத்து வாழ்க்கையை எழுதினால் அங்கே வளர்ந்த ஒருவரிடம் காட்டுங்கள். அவர் 'இது இப்படி நடக்காது' என்றால் வாதாடாமல் மாற்றுங்கள். நான் ஒருமுறை வாதாடினேன். காலனி வீட்டில் மத்தியானம் அடுப்பு எரிவதாக எழுதியிருந்தேன். வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் மத்தியானம் யாருக்கு யார் சமைப்பார்கள் என்று ஒரு அக்கா கேட்டார்கள். பதில் இல்லை.

அளவு ஆயிரத்து ஐந்நூறு சொல்லில் இருந்து மூவாயிரம் சொல்லுக்குள் இருக்கட்டும். முதல் வரைவை ஒரு வாரம் தூக்கிப் போட்டுவிட்டு, பிறகு இரண்டு தெருவைச் சேர்ந்த இரண்டு பிள்ளைகளைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சத்தமாகப் படியுங்கள். கையில் பென்சில் இருக்கட்டும். ஒரு பிள்ளை சிரித்து இன்னொரு பிள்ளை சிரிக்காத இடம் வரும். அந்த வரியின் ஓரத்தில் ஒரு கோடு போட்டுக்கொண்டு மேலே படியுங்கள். திருத்த உட்காரும்போது அந்தக் கோட்டில் இருந்து தொடங்குங்கள்.